ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள்

“கொரியாவைப் பற்றிக் கேக்கக் கொழும்புக்கோ? உமக்கென்ன விசரோ?” என்றார் என் கணவர். விசர்தான். கிழக்காசியா பற்றிக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பொதுவிரிவுரை என்றால் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறிவிடுகிற ஆள் நான். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியைக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

காலை ஆறரைக்கு வெள்ளவத்தையில் இறங்கினேன். லொட்ஜில் குளித்து, ஒரு தூக்கம் போட்டு, பிற்பகல் மூன்றரைக்கு ஓட்டோ பிடித்தேன். சாரதி அறுநூறு கேட்டார். ஐந்நூறுக்கு மேல் ஒரு சதமும் இல்லை மல்லி என்று, தம்பி முறை வைத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அடம்பிடித்தேன். முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய் விட்டார்.

மண்டபத்தில் பாதிக் கதிரைகள் காலி. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருந்தார். வீடு கொட்டாஞ்சேனையாம்.

“பேப்பரில ‘பிரிந்த குடும்பங்கள்’ எண்டு கிடந்தது, வந்திட்டன். எனக்கு இங்கிலீஷ் ஓடாது அக்கா. தமிழில சொல்லுவீங்களோ?”

விரிவுரையில் குசுகுசுப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று நானே குசுகுசுத்தேன்.

போரில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்துபோன குடும்பங்களைப் பற்றிக் கொரியப் பேராசிரியர் பேசினார். போனவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே பலருக்கு வயது போய்விட்டது. இறந்த நாள் தெரியாதவருக்குச் சந்திர மாதக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் சோறு படைப்பார்களாம். இதைச் சொன்னதும் அந்தப் பெண் என் கையைப் பிடித்தார்.

“ஒண்டு கேளுங்கோ அக்கா. படைச்ச பிறகு அந்த ஆள் உயிரோட இருந்தால்?”

கையை உயர்த்திக் கேட்டேன். “அப்படியும் நடந்திருக்கிறது. சந்தித்தபோது அதைச் சொல்லிச் சிரித்தார்கள், அழுதார்கள். பிறகு படைப்பதை நிறுத்திவிட்டார்கள்” என்றார் பேராசிரியர்.

ஐந்தரைக்கு வெளியே வந்தால் மழை. பஸ் தரிப்பில் ஒதுங்கி நின்றபோது அந்தப் பெண் தன் கதையைச் சொன்னார். கணவருக்குப் புறக்கோட்டையில் கடை. சண்டைக் காலத்தில் ஒரு காலை வான் வண்டியில் வந்தவர்கள், விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று அவரைக் கூட்டிப்போனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மகனுக்கு அப்போது நாலு வயது.

“இப்ப அவன் ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்கு விரதம் பிடிக்கப் போறானாம். உயிரோட இருக்கிற மனுசனுக்கோ எண்டு ஏசிப்போட்டன். அதுக்குப் பிறகு என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறானில்லை. அவரும் இல்லை, இவனும் இல்லையெண்டால் நான் ஆரோட இருக்கிறது?”

சாரல் படாமல் அவரை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. ஒரு காலை மிதிபலகையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

“இந்த முறை அவனை விரதம் பிடிக்கச் சொல்லப் போறன் அக்கா. அவர் வந்திட்டாரெண்டால் நிப்பாட்டலாம்தானே?”

“ஓம், நிப்பாட்டலாம்” என்றேன்.