அமெரிக்காவில் சுமந்த குடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தள்ளிப்போட்டு வந்தேன். எழுதினால் என் மனைவி அழுவாள் என்று பயம். எழுதாமல் இருந்தும் அவள் அழுகை நிற்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு கண்டியில் கடை வேலைக்குப் போனவன். சமயத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. கும்பிடத் தெரியும், அவ்வளவுதான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எங்களோடு கண்டி மஹய்யாவயில் வளர்ந்து, விசா கிடைத்து அமெரிக்கா போனவர். அங்கே ஒரு சாமான் கிடங்கில் வேலை. காரில் முருகன் படம் தொங்கும். சட்டையில் வேல் போட்டிருக்கும். நாங்கள் சைவம், நாங்கள் இந்து என்று யாரிடமும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார். ஆனால் கோயில் பக்கம் போனதாக நான் கேட்டதில்லை. போனில் பேசும்போது அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

"இங்க யாரைக் கேட்டாலும் ஒரு சமயம் சொல்லுவாங்க அத்தான். கேக்காட்டி அவங்களுக்கே ஞாபகம் வராது. என்கூட வேலை செய்ற வெள்ளைக்காரன் கழுத்துல சிலுவை தொங்கும். ஞாயித்துக்கிழமை சேர்ச்சைத் தாண்டித்தான் மீன் புடிக்கப் போவான். கேட்டா, நான் பொறந்ததே கத்தோலிக்கன்பான்."

"அவனை விடு. நீ வெள்ளிக்கிழமை வெளக்கு வச்சியா?" என்பாள் என் மனைவி.

"மனசுல வச்சிட்டேன்க்கா."

"நல்லது, எண்ணெய் மிச்சம்."

இப்படித்தான் வருடக்கணக்கில் போனது. அக்காவும் தம்பியும் சிரித்துக்கொள்வார்கள். எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

மச்சான் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்விட்டார் என்று அவர் மகன் போன் செய்தபோது, நான் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி முன்பே தவறிவிட்டதால், பொடியன் தனியாகத்தான் எல்லாம் பார்க்க வேண்டும். "மாமா, அப்பாவை வச்சிருக்கிற மலர்ச்சாலைல என்ன சமயம்னு கேட்டாங்க. இந்துன்னு சொல்லிட்டேன். அப்ப என்ன செய்யணும்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல மாமா" என்றான். அங்குள்ள கோயிலுக்குப் போன் போட்டானாம். சடங்கு நாளில் ஐயருக்கு வேறு ஊரில் ஒரு கல்யாணம் நடத்தி வைக்க இருந்ததாம்.

என் மனைவி போனை வாங்கினாள். அழவில்லை. குளிப்பாட்டுவது, கோடி போடுவது, வாய்க்கரிசி எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மத்ததெல்லாம் முன்ன பின்ன ஆனாலும் பரவால்ல. மகன் குடம் சுமந்து, மூணு சுத்து சுத்தி, பின்னால போட்டு உடைக்கணும். திரும்பிப் பாக்கப்படாது. அப்பதான் ஒங்கப்பன் உசிரு போய்ச் சேரும்" என்றாள். தோட்டத்தில் அவர்களுடைய அப்பா செத்தபோது குடம் உடைத்தது மச்சான்தான். சின்ன வயது. மழைச் சேற்றில் போட்டு உடைத்துவிட்டு, திரும்பாமல் நடந்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள்.

ஆனால் அந்த மலர்ச்சாலைக்குள் உடைகிற சாமான் கொண்டுவரக் கூடாதாம். தரையெல்லாம் விரிப்பு. கடைசியில், பால் வருகிற பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கழுவித் தண்ணீர் நிரப்ப விட்டார்கள். கீழே ஒரு பொலித்தீனும் விரித்துத் தந்தார்கள்.

சடங்கு அன்றைக்கு அங்கே காலை, இங்கே விளக்கு வைக்கிற நேரம். வீடியோ ஓடுகிற போனை அலுமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தோம். பொடியன் கோட்டோடு கேனைத் தோளில் வைத்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் யாரோ ஒருவர் கத்தியால் ஓட்டை போட்டார். தண்ணீர் அவன் கோட்டில் வழிந்தது. பெட்டிக்குள் மச்சான் கண்ணாடி போட்டபடி படுத்திருந்தார். மூன்றாவது சுற்று முடிந்து, அவன் கேனைப் பின்னால் போட்டான்.

அது உடையவில்லை. ஒரு தரம் துள்ளி, ஆட்கள் உட்கார்ந்திருந்த கதிரைகளுக்குள் உருண்டு போனது.

"ஒடஞ்சிச்சாப்பா?" என்று என் மனைவி கேட்டுவிட்டாள். போனிலிருந்து அத்தையின் குரல் வந்ததும் பொடியன் திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் கழுத்தில் சிலுவை போட்ட ஒரு வெள்ளைக்காரர் எழுந்து, கேனைத் தேடி எடுத்து, துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாக அவனிடமே கொண்டுவந்து கொடுத்தார். கை தவறி விழுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். மச்சான் சொன்ன மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். நல்ல மனிதர். நாங்கள் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? என் கை தன்பாட்டில் போனைப் பார்த்து நீண்டது. அதோடு சரி.

என் மனைவியைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். "மனசுதாம்மா முக்கியம், குறை ஒன்னும் இல்ல" என்றார் குருக்கள். "மனசு போதும்னா குடம் எதுக்குங்க சாமி?" என்று கேட்டாள். அவர் அவளுக்குத் திருநீறு கொடுத்தார். வேறு என்ன கொடுப்பார்? தான் குரல் கொடுத்துப் பொடியனைத் திரும்ப வைத்ததால்தான் தம்பி நடுவழியில் நிற்கிறான் என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள். நானும் தினமும் கும்பிடுகிறவன்தான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் பொடியன் பேசினான். அவன் விளக்கு வைப்பதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. "நான் இந்துதான் மாமா" என்கிறான், அப்பாவைப் போலவே. வீடு மாறப்போகிறானாம். அந்தக் கேன் இன்னும் அவனிடம்தான் இருக்கிறதாம்.

"குப்பைல போடலாமா மாமா? அப்பா போயிட்டாருதானே?"

பக்கத்தில் என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நாளைக்கு வச்சிருப்பா" என்றேன்.

வாசிக்கிறவர்கள் இதை வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் மனம் ஆறட்டும் என்று, கடைசியில் குடம் உடைந்தது என்று மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.