தண்ணீருக்கு வழி விட்ட வீடு

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, உங்களில் பலர் அக்காவைப் பிடிவாதக்காரி என்று சொல்லியிருக்கிறீர்கள். நானும் சொன்னேன். அந்தப் பிடிவாதத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் பிறந்தவர். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டமொன்றில் ஐயாவுக்கு வயலும் மேட்டுக்காணியும் கிடைத்தபோது ஐந்து வயதில் இங்கு வந்தார். பெற்றோர் அடுத்தடுத்துக் காலமானபின் என்னையும் தங்கையையும் வளர்த்தவர் அவரே. தமக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. வயலைத் தாமே பார்த்தார், எங்களைப் படிப்பித்தார்.

போர் முடிந்து இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பியபோது வளவில் வீடு இருக்கவில்லை. தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். பிறகு வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் வந்தது. அளக்க வந்த அலுவலர் வீதியோரமாக நான்கு முளைகளை அடித்தார். காணியின் தாழ்ந்த பக்கம் அது. மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து வழிந்தால் நீர் அவ்வழியாகவே வயலுக்கு இறங்கும்.

"தம்பி, இது தண்ணி போற வழி. பின்னால மேட்டில கட்டுவம்" என்றார் அக்கா அவரிடம்.

"எல்லா வீடும் ரோட்டைப் பாத்து ஒரே வரிசையில வரவேணும், அம்மா. பிளான் அப்பிடி."

"உங்கட பிளான் தண்ணிக்குத் தெரியுமோ?"

அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே அக்கா நான்கு முளைகளையும் பிடுங்கி எறிந்தார். அப்படியானால் வீடு இல்லை என்றார் அலுவலர். "இல்லாட்டி இருக்கட்டும்" என்றார் அக்கா.

அன்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். "உங்கட பிடிவாதத்துக்கு என்ர பிள்ளையள் தகரத்துக்குள்ள கிடந்து வேகோணுமோ?"

"வேகட்டும். தாழக்கூடாது" என்றார். அதன்பின் ஒரு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை.

இரண்டு மாரிகள் கொட்டிலிலேயே கழிந்தன. கூரை ஒழுகியது, என் இளைய மகள் இருமலோடு கிடந்தாள். அக்கா கிழமைதோறும் பஸ் ஏறி அலுவலகம் போனார். "மழைக்குள்ள ஒருக்கா வந்து பாருங்கோ" என்பதே அவருடைய ஒரே கோரிக்கை. கடைசியில் புதிதாக வந்த அலுவலர் ஒருவர், மழை கொட்டிய ஒரு காலையில் வந்தார். முளை அடித்த இடத்துக்கே அக்கா அவரைக் கூட்டிச் சென்று நிறுத்தினார். நீர் முழங்காலைத் தொட்டது. சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அவர் சிரித்தார்: "சரி அம்மா, மேட்டிலேயே கட்டுங்கோ."

வீடு மேட்டில், வயலைப் பார்த்து எழுந்தது. ரோட்டுக்கு முதுகு காட்டும் வீடு என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். தாழ்ந்த பக்கத்தில் மதில் கட்டவோ, மண் கொட்டி நிரப்பவோ அக்கா கடைசிவரை என்னை விடவில்லை.

சில ஆண்டுகளின்பின் வெள்ளம் வந்தது. வரிசை வீடுகளில் இடுப்பளவு நீர். அயலவர்கள் ஆடு மாடுகளோடு எங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். "எங்கட விதி" என்று ஒருவர் அழுதபோது அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விதியோ? பள்ளத்தில கட்டச் சொன்னது ஆர்? அழாதேங்கோ. தண்ணி வடியட்டும், எல்லாரும் சேர்ந்து போய்க் கேப்பம்." போனார்கள், அக்கா முன்னே நடந்தார். வீதியோரம் வாய்க்கால் வெட்டப்பட்டது அதன் பின்னரே.

சிறுநீரக நோய் அவரை மெலிவித்தது, வாயை அல்ல. வீதியை உயர்த்தப் போகிறார்கள், நீர் கடக்க மதகு வைக்கும் எண்ணம் இல்லை என்று கேள்விப்பட்டதும், கட்டிலில் இருந்தபடியே மனு எழுதச் சொன்னார். முதல் கையொப்பத்தைத் தாமே இட்டார். பதினொரு நாட்களில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும், தாதியர்களுக்கும், தங்கள் வாகனத்தில் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற அயலவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், இன்று உடனிருக்கும் அனைவருக்கும் எங்கள் நன்றி உரியது.

அவர் போனபின் மனுவைக் கொடுக்க அலுவலகம் போனபோது, இறந்தவருடைய பெயர் செல்லாது, எடுத்துவிட்டு வாருங்கள் என்றார்கள். நாங்கள் எடுக்கவில்லை. எடுக்கப் போவதுமில்லை. மனு விறாந்தை மேசையில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு, அக்காவின் பெயருக்குக் கீழே ஒவ்வொருவராகக் கையொப்பமிடுங்கள்.

தம்பி