தனி நரியின் குரல்

மெட்ராஸ் கடைக்குப் பட்டுச் சேலை எடுக்க ஆரணிக்கு வந்து எட்டு நாளாகிறது. லாட்ஜில் பேச ஆளில்லை. விடிகிற நேரத்தில் குளித்து, பார்க்க யாருமில்லாவிட்டாலும் பவுடர் பூசிக்கொண்டு, ஆற்று மணலில் நடக்கிறேன்.

நாணல் பக்கம் ஒரு நரி ஊளையிடுகிறது. ஒற்றைக் குரல் நீண்டு போய்க் கடைசியில் உடைகிறது. என் கால் அந்தப் பக்கமே போகிறது. அங்கே குந்தியிருப்பது ஒரு வேட்டைக்காரர். வாயருகே கை குவித்திருக்கிறார். உடம்பில், மனுஷ வாடை தெரியாமலிருக்கப் பூசிய நரிக் கொழுப்பின் வாடை. உட்காரச் சொல்லிக் கையசைக்கிறார்.

எதிர்க்கரையில் நிஜ நரி வந்து நிற்கிறது. அது நேராக வரவில்லை. காற்றில் எங்கள் வாடை பிடிக்க, வறண்ட ஆற்றைத் தாண்டிச் சுற்றி வளைத்து எங்களுக்குப் பின்பக்கம் போகிறது. அவர் வலை கட்டியிருப்பதும் அங்கேதான். வலைக்கு நாலடி முன்னால் மூக்கைத் தூக்குகிறது, திரும்பி ஓடிவிடுகிறது.

"பவுடரா?" என்கிறார். கோபமில்லை. "மூணு நாளா இதுக்குத்தான் வந்துகினு கீறேன்."

"இன்னொரு தரம் கூப்பிடுங்களேன்."

"இனிமே இந்தக் குரலுக்கு அது வராதுங்க. ஜோடி இல்லாத நரி கூப்புடற குரல் இது. கூட்டத்துல கீறது காதுல கூட வாங்காது. தனியா கீறதுதான் வரும்."

வலையை அவிழ்த்துக்கொண்டே கேட்கிறார்: "நீங்க எதுக்குங்க இந்தப் பக்கம் வந்தீங்க?"

எட்டு நாளாக நடந்து பழகிய லாட்ஜுக்கு அவரிடம் வழி கேட்கிறேன்.