முந்தானையால் கண்ணைத் துடைத்தால் குடும்பப் படம்

கழிவு நூல் உருண்டை ஒன்று. எண்ணெயில் கறுத்து, எலுமிச்சம்பழ அளவில் இருந்தது. எடப்பாடித் தறிக்கூடங்களில் கை துடைக்க இதைத்தான் வைத்திருப்போம். மூன்றாம் தறி ஓட்டிய அக்கா அதில் வாயைத் துடைத்துவிட்டு மூலையில் போட்டார். கூட்டப் போன நான் எடுத்துப் பார்த்தபோது, கறுப்புக்கு நடுவே சிவப்பு இருந்தது.

எனக்கு அப்போது கல்யாணமான புதிது. பத்தாவதோடு படிப்பு நின்றது; நாலு பேர் முன்னால் பேச வராது. தறி ஓடும்போது அங்கே யாருக்குமே வாய் தேவையில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது. அந்த இரைச்சலில் சைகையும் உதட்டசைவும்தான் பேச்சு. அக்கா அதில் கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தைத் திங்கட்கிழமை கையாலேயே சொல்லிவிடுவார். இல்லாத மீசையை முறுக்கினால் சண்டைப் படம். கூந்தலை முன்னால் இழுத்துவிட்டால் பேய்ப் படம். வயிற்றைப் பிடித்தால் சிரிப்புப் படம். முந்தானையால் கண்ணைத் துடைத்தால் குடும்பப் படம். என்ன படம் என்று தெரிந்தால் முடிவும் தெரிந்துவிடும் என்பார். பேய்ப் படத்தில் தனியாகக் கிணற்றடிக்குப் போகிறவள் திரும்ப மாட்டாள். சண்டைப் படத்தில் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசினால் அந்த வீட்டுக்குக் கெட்ட காலம். குடும்பப் படத்தில் ஒருத்தி இருமினால், அடுத்து வெள்ளைக் கைக்குட்டை, அதில் ரத்தம்.

அக்கா இருமியதே வெகுநாள் எங்களுக்குத் தெரியாது. தோள் குலுங்கும், அவ்வளவுதான். ஒரு நாள் மதியம் கரண்ட் போய்த் தறிகள் நின்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

“ஏனுங்கக்கா, குடும்பப் படமா ஓடுது? அடுத்தது கைக்குட்டைதானுங்க” என்றார் தறியில் புதுப் பாவு நூலைப் பிணைக்க வந்தவர்.

“போ தம்பி. நானெல்லாம் சிரிப்புக்காரி. எந்தப் படத்துல சிரிப்புக்காரி செத்தா?” என்றார் அக்கா. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உருண்டையை நான் எடுத்தது அதற்கு அடுத்த வாரம். அக்கா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு, என் காதோடு வாய் வைத்துச் சொன்னார்: “ஆருகிட்டயும் சொல்லீராத கண்ணு. மவளப் பொண்ணு பாக்க வாராங்க. வியாதிக்காரி ஊடுன்னு பேராயிரும். கல்யாணம் முடியட்டும், நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

நான் சொல்லவில்லை. அதில் பாதி கூச்சம். மறு பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குடும்பப் படங்களில் இப்படி ஒரு ரகசியத்தைக் காப்பவள்தான் நல்லவள். கடைசிவரை வாய் திறக்காமல் இருந்து, சாவு வீட்டில் உடைந்து அழுவாள். பார்க்கிறவர்கள் அவளுக்காகவும் அழுவார்கள். நானும் அப்படி ஒரு நல்லவள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் மாதங்களை இழுத்தார்கள். ஒருவழியாகக் கல்யாணம் முடிந்த பிறகு அக்காவைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். காசநோய். முன்பே வந்திருந்தால் மாத்திரையிலேயே தீர்ந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நான் பார்க்கப் போனபோது அக்காவின் மூக்கையும் வாயையும் ஆக்சிஜன் முகமூடி மறைத்திருந்தது. பேச முடியவில்லை. என்னைப் பார்த்ததும் முந்தானையை எடுத்து மெல்லக் கண்ணைத் துடைத்தார். குடும்பப் படம் என்று சைகை காட்டுகிறார் என நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முந்தானை நனைந்திருந்தது.

இரண்டு நாளில் போய்விட்டார். சாவு வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. சாமியானா ஓரத்தில் நின்றிருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

இப்போது என் மகள் செல்போனில் படம் பார்க்கிறாள். யாராவது இருமினால், “அம்மா, இந்தம்மா அவ்வளவுதான்” என்று சிரிக்கிறாள். நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

இன்னும் அதே கூடத்தில்தான் தறி ஓட்டுகிறேன். யாருடைய தோளாவது குலுங்குவதைப் பார்த்தால், கூட்டும்போது அவர் போட்ட கழிவு நூலை வெளியே வெயிலுக்குக் கொண்டுபோகிறேன். இழை இழையாகப் பிரித்துப் பார்க்கிறேன். கறுப்பு மட்டும் இருந்தால்தான் குப்பையில் போடுகிறேன்.