இஸ்திரி வண்டி நின்ற தூண்

பெசன்ட் நகரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் குடியிருப்பு. நான்கு மாடி, எட்டு வீடு. கீழ்த்தளம் முழுக்க வண்டி நிறுத்தும் இடம். அங்கே சுவர் கிடையாது, தூண்கள் மட்டும்தான். நாங்கள் முதல் மாடி. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்கிறேனே தவிர, எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பின்பக்கத் தூண் ஒன்றை ஒட்டி அப்போது ஒரு இஸ்திரி வண்டி நின்றது. துணி தேய்த்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். அங்கிருந்த வீடுகளை அரசு எடுத்துவிட்டு, அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த பிறகும், இரண்டு பஸ் மாறி காலை எட்டரைக்கெல்லாம் வந்து கரியைப் பற்றவைத்துவிடுவார்.

அந்தத் தூணில் பழுப்புக் கறை இறங்கும். மேலிருந்து கீழாக ஒரு விரிசலும் உண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்னால் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசி, வெள்ளையடித்துவிடுவேன். பார்க்கப் புதுசு மாதிரி ஆகிவிடும். ஆறு மாதத்தில் கறை திரும்ப வரும்.

ஒருநாள் அந்த அம்மா என்னை நிறுத்தினார். “யம்மா, இந்தத் தூண்ல காரை கொட்டிக்கினே கீது. தெனம் நான்தான் பெருக்குறேன். இன்னான்னு ஒரு வாட்டி பாரும்மா.”

பார்த்தேன். தூணின் அடி ஈரமாக இருந்தது. பக்கத்திலேயே, துணிக்குத் தெளிக்க அவர் வைத்திருந்த தண்ணீர் வாளி. எனக்கு அது போதுமாக இருந்தது.

“நீ தண்ணி தெளிச்சுத் தெளிச்சுத்தான் இப்படி ஆகியிருக்கு.”

“நான் துணி மேல தெளிக்கிறேம்மா. தூணு மேலயா ஊத்தறேன்?”

“அப்ப ஈரம் எங்கேருந்து வருது?”

அவர் துடைப்பத்தை எடுத்துக் கொட்டிய காரையைப் பெருக்கினார். அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசி, வண்டியை வெளியே எடுக்கச் சொன்னோம். சொன்னோம் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. சொன்னது நான். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவோரப் புங்கமரத்தடியில் நிறுத்தினார். அந்த வருட மழைக்காலம் வரை தார்ப்பாயைக் கட்டிச் சமாளித்தார். அதற்குப் பிறகு வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு காலைப் பொழுதில், அம்மிக்கல் அளவு கான்கிரீட் துண்டு ஒன்று அந்தத் தூணிலிருந்து பெயர்ந்து மூன்றாம் மாடிக்காரர் காரின் மேல் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில்தான் ஒரு பொறியாளரை வரவழைத்தேன். முப்பது வயதுப் பெண். கையில் சின்னச் சுத்தியல். ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே வந்தார். மற்ற தூண்கள் டங், டங் என்றன. இந்தத் தூண் டொப் என்றது. இன்னும் நாலைந்து இடத்தில் தட்டினார். எல்லா இடத்திலும் டொப்தான்.

கூட வந்த கொத்தனாரிடம் கண்ணைக் காட்டினார். அவர் உளியை வைத்து நாலு அடிதான் அடித்திருப்பார். என் உயரத்துக்கு ஒரு பாளம் அப்படியே பிரிந்து தரையில் சரிந்தது. புழுதி அடங்கியதும் உள்ளே பார்த்தேன். என் கட்டைவிரல் பருமனுக்கு இருக்க வேண்டிய கம்பிகள் பென்சில் மாதிரி இளைத்திருந்தன. அவற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய வளையக் கம்பிகள் இருந்த இடத்தில் சிவப்புக் கோடுதான் இருந்தது. தொட்டேன். துரு ஏடு ஏடாக உதிர்ந்து கையோடு வந்தது. இரும்பு அப்படி உதிரும் என்று எனக்குத் தெரியாது.

“இதுக்கு நேர் மேல யார் வீடு, மேடம்?”

“எங்க வீடுதான்.”

“இப்ப உள்ள யாராவது இருக்காங்களா?”

“அவர் இருக்கார்.”

“கீழ வரச் சொல்லுங்க. இந்தப் பக்கத்து நாலு வீட்லயும் சொல்லுங்க. இப்பவே.”

போன் செய்தேன். கீழே வரச் சொன்னேன். “குக்கர் வச்சிருக்கேனே, இன்னும் ரெண்டு விசில்தான்” என்றார் கணவர். “அடுப்பை அணைச்சுட்டு வாங்கோ” என்று நான் கத்தியதைக் கேட்டு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மத்தியானத்துக்குள் லாரியில் இரும்பு முட்டுகள் வந்து, தூணைச் சுற்றி உத்தரங்களைத் தாங்கி நின்றன. நாங்கள் ஆழ்வார்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போனோம். 

மூன்றாம் நாள் பொறியாளர் கூப்பிட்டார். “ஈரம் எங்கேருந்துன்னு தெரிஞ்சுபோச்சு. வாங்க.”

தூணை ஒட்டிப் பூச்சுக்குள் ஒரு குழாய் இறங்கியது. அதன் இணைப்பில் விரிசல். மேலே போன கொத்தனாரை ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சற்று நேரத்தில் தூணின் உள்பக்கம் பளபளவென்று நனைந்தது.

“எந்த வீட்டுக் குழாய்?” என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

“உங்க பாத்ரூம். கடல் காத்துல உப்பு ஏற்கெனவே உள்ள இறங்கியிருக்கு. கூட இந்தத் தண்ணியும் வருஷக்கணக்கா ஊறியிருக்கு.”

“இங்க ஒரு இஸ்திரி வண்டி இருந்தது. அந்த அம்மா தெளிச்ச தண்ணி...”

அவர் சிரித்துவிட்டார். “துணிக்குத் தெளிக்கிற தண்ணியா? அது தரையைத் தொடுறதுக்குள்ள காஞ்சிடும் மேடம்.” பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “திரும்பத் திரும்பப் பூசி மூடினதுதான் வினை. காரை கொட்டுதுன்னு யாரும் உங்ககிட்ட சொல்லலையா?” என்றார்.

“சொன்னாங்க” என்றேன்.

எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை, வருடக்கணக்காக, அந்த அம்மா இந்தத் தூணுக்கு ஒரு முழம் தள்ளி நின்று தேய்த்திருக்கிறார். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

வேலை ஒன்றரை மாதம் நடந்தது. முதலில் எங்கள் குழாயை மாற்றினார்கள். பிறகு அடித்தளம் வரை தோண்டினார்கள். கெட்ட கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, மிச்சக் கம்பிகளைப் பளிச்சென்று தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்தார்கள். சுற்றிலும் புதுக் கம்பிகளும் வளையங்களும் கட்டி, பலகை அடைத்து, கஞ்சி மாதிரி ஓடும் ஒரு கான்கிரீட்டை மேலிருந்து ஊற்றினார்கள். “பழைய தூணுக்கு மேல சட்டை போடுறோம்” என்றார் பொறியாளர். சங்கக் கூட்டத்தில், கசிந்தது எங்கள் வீட்டுத் தண்ணீர் என்று நானே சொன்னேன்.  மூன்றாம் மாடிக்காரர், “அப்ப அந்தம்மாவை எதுக்குங்க அனுப்பினோம்?” என்று கேட்டார்.

துணி தேய்த்த அம்மா இப்போது சாஸ்திரி நகரில் வண்டி போட்டிருப்பதாகத் தெருமுனைப் பூக்காரம்மா சொன்னார். தூணின் பலகையைப் பிரித்த மறுநாள் போனேன்.

“இன்னாம்மா, நல்லா கீறியா?” என்றார், நேற்றுப் பார்த்த மாதிரி.

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி உதிர்ந்ததைச் சொன்னபோது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார்.

“யாருக்காவது அடிபட்டுச்சா?”

“இல்ல. தண்ணி எங்க வீட்டுதுதான். நான் உங்களைப் பழி சொன்னது தப்பு. திரும்ப வந்துடுங்கோ.”

தேய்த்த சட்டையை மடித்து அடுக்கினார். “நான் அன்னிக்கே சொன்னேனேம்மா.”

“ஆமா, சொன்னீங்க” என்றேன்.

“இங்க வாடிக்கை புட்சிகிச்சு. வர்லம்மா” என்றவர், பெட்டியைத் திறந்து கரியை ஊதினார். “அந்தப் பக்கம் நில்லு. பொறி பறக்கும்.”

நகர்ந்து நின்றேன். அவர் அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.