பெரட்டு எடுக்காமல் ராக்கெட் கிளம்பாது

கதை விளையாட்டு நடத்துவதும் ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்ப்பதும் ஒரே மாதிரி வேலைதான். எது எப்போது அழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் இரண்டையும் செய்தவள். ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள் பால் எடுக்க மரம் வெட்டப் போகும்போது விட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை எனக்கு. கோலாலம்பூரில் படித்த தம்பி ஒரு லீவில் வந்து இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தான். ஆளுக்கொரு வேஷம். நடத்துகிறவர், "இப்போ இப்படி நடக்குது, நீ என்ன செய்வே?" என்று கேட்பார். அவரவர் சொல்வதுதான் கதை. முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும்.

எங்கள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீட்டு மனையும் கோல்ஃப் திடலும் வரப்போகிறதாம். மாதக் கடைசிக்குள் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எனக்கும் பக்கத்து வீட்டு மூன்று பேருக்கும் ரஹாங்கில் வரிசையாக நாலு வாடகை வீடு அமைந்தது. நாலையும் சேர்த்து எடுத்தால்தான் உண்டு, திங்கட்கிழமை பதில் வேண்டும் என்றார் வீட்டுக்காரர். அந்த மூன்று பேரில் கமலா மட்டும் நகரமாட்டேன் என்றாள். அவள் புருஷன் மணியம் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், ஒரு தீபாவளிக்கு மேல் ஆயிற்று, பேச்சு மூச்சு இல்லை. அவர் திரும்பி வரும்போது இங்கே யாரும் இல்லாவிட்டால்? அதுதான் அவள் கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று, காலியாகக் கிடந்த கொட்டகையில் ஒரே ஒரு ஆட்டம் போட்டேன். நடத்தி நொந்தவர்களே, கேளுங்கள்.

வேஷத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள்

ஒரே நாள் ஆட்டத்தில் "உனக்கு என்ன வேஷம் வேணும்?" என்று கேட்டு உட்கார்ந்தால் அதிலேயே மழை விட்டுவிடும். நான் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தேன். ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் சம்சாரம் ருக்கு அக்கா ராக்கெட்டுக்குக் கேப்டன். வாய் ஓயாத அஞ்சலை டாக்டர். கமலா ராக்கெட் ஓட்டுகிறவள்; விசையைத் தள்ளினால்தான் வண்டி கிளம்பும்.

என் மகன் மடியில் உட்கார்ந்து பகடையை வாயில் போட்டுக்கொண்டான். விரலை விட்டு எடுத்து, துடைத்து, கேப்டன் என்றால் எல்லோருக்கும் உத்தரவு போடுகிறவர் என்று விளக்கினேன். ருக்கு அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வானத்துக்குப் போயும் மண்டோர் வேலைதானா எனக்கு? வீட்ல ஒருத்தர் கத்துறது போதும்லா!"

வீட்டுக் கதையை வானத்துக்குக் கொண்டு போகாதீர்கள்

ஆட்டம் தொடங்கியதுமே ஆபத்து வந்துவிட வேண்டும் என்பது தம்பி சொன்ன பாடம். அதனால், இரண்டு நிலா காயும் ஓர் ஊதா நிறக் கிரகம், அதில் வாழும் ஜனங்கள், அந்தக் கிரகம் தனக்கு வேண்டும் என்று படை அனுப்பும் ஒரு சக்கரவர்த்தி என்று ஆரம்பித்தேன். படை வந்து தீ வைப்பதற்குள் கடைசி ராக்கெட் கிளம்ப வேண்டும்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆட்டம் கட்டுகிற அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறேன். சீலையைக் கிழித்துத் தொட்டில் கட்டுகிறவளுக்கு வீட்டில் இருக்கிற சீலைதானே கைக்கு வரும்? மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலைதான் வாயைத் திறந்தாள்.

"ஏன்டி சாந்தி, உன் சக்கரவர்த்தியும் கோல்ஃப் திடல் போடத்தான் வர்றானா?"

அலங்காரத்துக்குக்கூட ஆளைத் தொலைக்காதீர்கள்

இது நான் செய்த பெரிய பிசகு. கதைக்குக் கொஞ்சம் மர்மம் இருக்கட்டும் என்று, வழி பார்க்க ஒரு சின்னக் கலம் முன்னாலேயே போனது, இன்னும் திரும்பவில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வெறும் அலங்காரம். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கமலா நிமிர்ந்தாள். "அதுல போனது யாரு?" என்றாள். யோசிக்காமல் "ஒரு ஆளு" என்று சொல்லிவிட்டேன்.

ருக்கு அக்கா என் தொடையைக் கிள்ளினார். பேச்சை மாற்ற, சக்கரவர்த்தியின் கப்பல்கள் தெரிகின்றன, வானம் சிவக்கிறது என்று அவசர அவசரமாகச் சொன்னேன். போன ஆளிடமிருந்து சிக்னல் இல்லை, இனி காத்திருந்து பயனில்லை என்றும் சொன்னேன். கமலா விசையில் கை வைக்கவில்லை. கோபமும் படவில்லை. பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"சிக்னல் வரலைன்னா மெஷின் கெட்டுப் போயிருக்கும். ஆளுக்கு ஏதும் ஆயிருக்கணும்னு இல்லையே."

அவசரப்படுத்தினால் வேலை நடக்கும் என்று நம்பாதீர்கள்

நான் தரையைப் பிளந்தேன். ராக்கெட்டின் ஓர் இறக்கையை எரித்தேன். வேறு ஊராக இருந்தால் பறந்திருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் காலையில் பெரட்டு எடுத்து, பேர் கூப்பிட்டு, எல்லாரும் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் லாரி கிளம்பும். கேப்டன் ருக்கு அக்கா எழுந்து நின்று, புருஷன் குரலிலேயே பெரட்டு எடுத்தார். டாக்டர்? இருக்கேன். ஓட்டுறவ? இருக்கேன். வழி பார்க்கப் போன ஆளு? பதில் இல்லை. "ஆள் குறையுது. நிப்பாட்டு" என்று உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலையிடம் கண்ஜாடை காட்டினேன். டாக்டர் எட்டி விசையைத் தள்ளினால் மூன்று பேரும் தப்பலாம், பகடைகூட வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன். சண்டைக்கு வந்துவிட்டாள்.

"அவ கையைத் தட்டிவிட்டுட்டு நான் தள்ளணுமா? அதுக்கு வேற டாக்டரைப் பாரு, போ!"

பகடையை ஒளிக்காதீர்கள்

கமலா என்னைக் கேட்டாள்: "அந்த ஆளு வருவாரா, வரமாட்டாரா? நீதானே கதை சொல்றே, சொல்லு." வருவார் என்று சொல்வது எனக்கு எவ்வளவு சுலபம்! சொல்லியிருந்தால் ராக்கெட் பறந்திருக்கும், எல்லாரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் அவள் பார்த்த பார்வை ஆட்டம் ஆடுகிறவளின் பார்வை இல்லை. கோயிலில் குறி கேட்க வந்தவளின் பார்வை. நான் சொல்வதை அவள் லயத்துக்கு எடுத்துப்போய், அதை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவாள். வரமாட்டார் என்று சொல்லவும் எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

எல்லார் முன்னாலும் பகடையை அவள் கையில் கொடுத்தேன். ஆறு விழுந்தால் வருவார். பலகையில் உருட்டினாள். இரண்டு. தீ வந்தது என்றேன். ராக்கெட்டோடு எல்லாரும் எரிந்துபோய்விட்டார்கள் என்றேன். ருக்கு அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"தேத்தண்ணிகூட ஊத்தல, அதுக்குள்ள எல்லாரையும் கொன்னுட்டியே. நீயெல்லாம் ஒரு ஆயாவா?"

ஆட்டம் முடிந்ததும் உடனே கலைத்துவிடாதீர்கள்

இதைத்தான் அழுத்திச் சொல்வேன். செத்துப்போன கையோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. தேத்தண்ணி ஊற்றி, பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தேன். கமலா கோப்பையைத் தொடவில்லை. "நீ ஏன் தள்ளல?" என்று அஞ்சலையைக் கேட்டாள். "உன்னை விட்டுட்டு எங்கடி போறது?" என்றாள் அஞ்சலை, பிஸ்கட்டை நனைத்தபடி. "ரஹாங் வீட்டுக்காரருக்கும் இன்னும் பதில் சொல்லல. அவரு சுங்கை காடுட் ஃபேக்டரி ஆளுங்களுக்கு விட்டுடுவேன்னு நிக்கிறாரு."

கமலா நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்றேன், அவள் வராமல் நாங்கள் மூன்று பேரும் போவதாக இல்லை, மாதக் கடைசியில் புல்டோசர் வந்தால் பிள்ளைகளோடு எங்கே நிற்போம் என்று தெரியவும் இல்லை. "நாலாவது வீட்டுக்கு வேற ஆளைச் சேத்துக்கிட்டு நீங்கல்லாம் போயிடுவீங்கன்னு நெனச்சுத்தானே நான் மட்டும் இருக்கேன்னு சொன்னேன்" என்று அழுதாள். மணியம் போன நாளிலிருந்து அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. நாங்களும் அழுதோம். என் மகன் எல்லாரையும் பார்த்துவிட்டு அவனும் ஆரம்பித்தான். ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள் கமலா.

"நாளைக்கு நாலு வீடுன்னே சொல்லிடு சாந்தி. ரோட்டோரத்து வீடு எனக்கு. தேடி வர்றவரு உள்ள வரைக்கும் அலையக்கூடாது."

ஆகவே அன்பர்களே, ஒரே நாளில் முடிகிற விண்வெளி ஆட்டம் என்று யாராவது கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள், ஆனால் பகடை ஒன்று போதும், கைக்குட்டை மட்டும் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.