கேள்வி கேட்டே வாழ்ந்தவர்

டென்மார்க்கின் வைலே நகரத்து உள்ளூர் வானொலியில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குச் சனிக்கிழமை பின்னேரங்களில் அரை மணி நேரம் கிடைத்தது. ஊரில் நான் தபால் கந்தோரில் வேலை செய்தவன். வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தந்திகளை உரத்து வாசித்துக் காட்டிய பழக்கம் இருந்தது. அந்த ஒரு தகுதியை வைத்துச் சங்கத்தார் என்னை அறிவிப்பாளராக்கினார்கள். மற்ற நாட்களில் நான் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் ஒரு தொழிற்சாலையில் நின்றேன்.

வானொலி நிலையம் பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் நிலக்கீழ் அறையில் இருந்தது. சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். இயந்திரத்தை இயக்க எங்களில் எவருக்கும் தெரியாது. அதற்காக ஒருவர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். வந்தவர் உயரமான, அறுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேயர். டெனிஷ் மொழியை என்னைவிட மோசமாகப் பேசினார். நாங்கள் ஆங்கிலத்திலேயே கதைத்தோம். அவர் சொன்னதெல்லாம் இன்று என் நினைவில் எங்கள் தமிழில்தான் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் நான் ஐந்து செய்திகள் வாசித்தேன். முடிந்ததும் அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த மூண்டாவது செய்தியை நீர் நம்பேல்லை" என்றார்.

"உங்களுக்குத் தமிழ் விளங்குமோ?"

"ஒரு சொல்லும் விளங்காது. குரல் விளங்கும்."

மூன்றாவது செய்தி, குடும்பங்களை அழைப்பதற்கான விண்ணப்பங்கள் பரிசீலனையில் உள்ளன, விரைவில் முடிவு வரும் என்பது. அகதியாக ஏற்கப்பட்டவன் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம் என்று நாட்டின் சட்டத்தில் இருந்தது. நானும் விண்ணப்பித்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. என் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். கேட்டு எழுதும்போதெல்லாம், பரிசீலனையில் உள்ளது என்ற அதே வரி பதிலாக வந்துகொண்டிருந்தது. விண்ணப்பங்களைத் தொடாமல் வைத்திருக்கும்படி மேலிடத்திலிருந்தே சொல்லியிருந்தார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அன்றிலிருந்து நிகழ்ச்சி முடிந்தபின் இருவரும் தேநீர் குடித்தோம். அவர் தன் தொழிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஒரே மூச்சில் சொன்னதில்லை. ஒரு சனிக்கிழமை கொஞ்சம், அடுத்த சனிக்கிழமை கொஞ்சம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அவர் ஜெர்மனியில் பிரித்தானிய இராணுவத்தில் தட்டச்சுக்காரராக இருந்தார். படையினருக்கான வானொலியில் உதைபந்தாட்ட முடிவுகளை வாசிப்பவருக்கு ஒரு நாள் தொண்டை கட்டிவிட்டது. தாளைத் தட்டச்சு செய்தவர் நீர்தானே, நீரே வாசியும் என்று இவரை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். ஊர் திரும்பியபின் வானொலியில் வினாவிடை நிகழ்ச்சி ஒன்று கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலைகளின் உணவுக்கூடத்துக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளரிடம் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி. பிழையான பதிலுக்கு ஒரு கரண்டியால் சட்டியில் அடிப்பார்கள். பத்து வருடத்துக்கு மேல் அப்படி நாடு முழுக்கத் திரிந்தார்.

"உம்மட தொழிற்சாலை மாதிரி ஒண்டிலும் நடத்தியிருக்கிறன். நீராவிச் சத்தத்தில ஒரு பதிலும் கேக்காது. எல்லாருக்கும் பரிசைக் குடுத்திட்டு வந்தன்" என்றார்.

பிறகு தொலைக்காட்சியிலும் ஒரு வினாவிடை நிகழ்ச்சி. ஒரு சுவர் நிறைய விளக்கெரியும் ஜன்னல்கள், சரியான பதிலுக்கு ஒவ்வொன்றாகத் திறக்கும். போட்டியாளரின் தலைக்கு மேல் ஒரு பெரிய மணிக்கூடு ஓடும். அதன் கீழே நின்றுகொண்டு இவர், "அவசரமில்லை, ஆறுதலாய் யோசியுங்கோ" என்பார். சனம் சிரிக்கும். தெருவில் பேருந்துக்கு ஓடும்போது முன்பின் தெரியாதவர்கள் அந்த வசனத்தை இவருக்கே திருப்பிச் சொன்னார்களாம். வேறு வேறு நிறத்தில் நாற்பது கோட்டு வைத்திருந்தாராம்.

அது எப்படி முடிந்தது என்பதை அவர் சொல்லப் பல மாதங்கள் எடுத்தன. பாடசாலைப் பேருந்து ஓட்டும் ஒரு பெண் கடைசிக் கேள்விவரை வந்திருக்கிறாள். கேள்வி ஒரு ஆற்றைப் பற்றியது. அவள் சொன்ன பதில் சரி. ஆனால் இவர் கையில் இருந்த அட்டையில் வேறு பதில் இருந்தது.

"எனக்குத் தெரியும் அவள் சொன்னதுதான் சரியெண்டு. நான் பிறந்தது அந்த ஆத்தங்கரையில. ஆனா அட்டையைப் பாத்து வாசிச்சன். அவள் எனக்குக் கை தந்திட்டுப் போயிட்டாள்."

"பிறகு ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"தயாரிப்பாளருக்குச் சொன்னன். அட்டையில இருக்கிறதுதான் பதில் எண்டார். நானும் சரியெண்டிட்டன். அந்த வருசம் முழுக்கச் சிரிச்சுக்கொண்டு நிண்டன்."

அடுத்த வருடம் ஒரு வானொலி நேர்காணலில், எவரும் கேட்காமலே அதைச் சொல்லிவிட்டார். பத்திரிகைகள் அதை எடுத்துப் பெரிதாக்கின. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பிறகு கடைத் திறப்பு விழாக்கள், கடற்கரை ஊர்களில் டிசம்பரில் வரும் நத்தார்ப் பண்டிகைக் காலத்து நாடகங்கள். கடைசியில் இங்கிலாந்திலிருந்து டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகத்துக்கு வரும் பயணிகள் கப்பலில் வேலை. கடல் கொந்தளிக்கும்போது வாந்தி எடுக்காத பயணிகளைத் தேடிப் பிடித்துக் கேள்வி கேட்பது. அந்தக் கப்பலின் விசாரணை மேசையில் இருந்த டெனிஷ் பெண்ணைக் கலியாணம் முடித்து, அவளுடைய ஊரான வைலேக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே வியாழக்கிழமைகளில் அதே நிலக்கீழ் அறையிலிருந்து ஒரு வினாவிடை நிகழ்ச்சி நடத்தினார். நகர நூலகத்துப் பெண் ஒருத்தி கேள்விகளை எழுதி உறையில் இட்டு ஒட்டித் தருவாள். ஒலிபரப்பு மேசையில் வந்து அமரும்வரை அவர் உறையைப் பிரிப்பதில்லை. கேட்பவர்கள் தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டும். பரிசாக ஒரு பைக்கற் கோப்பி அல்லது ஒரு துண்டு சீஸ். நானும் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையிலிருந்து கூப்பிடுவேன். ஒரு மாரிகாலத்தில் ஆறு பைக்கற் கோப்பி வென்றேன். நான் தேநீர்தான் குடிப்பவன் என்பதால் அவை என்னோடு வேலை செய்தவர்களுக்குப் போயின.

அதனால் வருடக் கடைசிப் போட்டிக்கு என் பெயரும் வந்தது. நூலக மண்டபத்தில், ஆட்களை வைத்து நேரடியாக ஒலிபரப்பும் போட்டி. எங்கள் சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்து கடைசி வரிசையில் மேல்கோட்டைக் கழற்றாமல் இருந்தார்கள். மற்ற இருவரும் நகரத்தவர்கள், ஒரு பல் வைத்தியர், ஒரு பூக்கடைக்காரி. எனக்கு வந்த கேள்விகள் பாதி தெரியாதவை. ஆனால் அவர்களுக்கும் தெரியவில்லை. பூக்கடைக்காரியும் நானும் சமமாக நின்றபோது அவர் கடைசி உறையைப் பிரித்தார்.

"தபால் முத்திரையில் தன் பெயரைப் போடாத நாடு எது?"

அந்தக் கேள்வியை யார் எனக்காகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக எடுத்திருக்க முடியாது. இராணியின் தலை மட்டும் அச்சிட்ட அந்த முத்திரைகள் ஒட்டி வந்த கடிதங்களைப் பதினொரு வருடம் தரம்பிரித்தவன் நான்.

"உங்கட நாடு" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மண்டபம் கை தட்டியது. பரிசு, நகரத்துக்கு வெளியே ஒரு விடுதியில் இருவருக்கு இரவுச் சாப்பாடும் ஒரு நாள் தங்கலும். எந்த வெற்றியாளரிடமும் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதையே என்னிடமும் கேட்டார்.

"யாரைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறீர்?"

நான் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. சங்கத்து ஆள் ஒருவருடைய பெயரைச் சொல்லியிருக்கலாம். "மனைவியை" என்று வாயில் வந்துவிட்டது. "ஆனால் அவள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள்."

அவருக்கு இந்த இடத்தில் சொல்வதற்குப் பழைய பகிடிகள் நூறு இருந்திருக்கும். ஒன்றையும் சொல்லவில்லை. ஒன்பது விநாடி பேசாமல் நின்றதாகப் பிறகு ஒலிநாடாவைக் கேட்டுப் பார்த்துச் சொன்னார். வானொலியில் அது மிக நீண்ட நேரம். பிறகு தன் உடைந்த டெனிஷில், "ஏன் அவர் இங்கே இல்லை?" என்று கேட்டார்.

சொன்னேன். இரண்டு வருடங்களுக்கு முன் விண்ணப்பித்ததை, சட்டம் என்ன சொல்கிறது என்பதை, வந்த கடிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. விடுதலைப் போராட்டம், குண்டு, செல் வீச்சு ஒன்றையும் சொல்லவில்லை. ஒரு தபால்காரன் தொலைந்த பொதியைப் பற்றி அறிக்கை கொடுப்பது போலத்தான் சொன்னேன். முன்வரிசையில் இருந்த வயதான ஒரு பெண் எழுந்து, "இது உண்மையா? நம்முடைய நாட்டிலா?" என்று கேட்டாள். பின்வரிசையில் இருந்த எங்கள் ஆட்களைக் காட்டி, "அவர்களிடமும் கேளுங்கள்" என்றேன். ஆங்கிலேயர் ஒலிவாங்கியின் நீண்ட வயரை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தங்கள் மனைவியின் ஊரையும் பிள்ளைகளின் வயதையும் சொன்னார்கள். அடுத்து வரவேண்டிய பித்தளை வாத்திய இசை இருபது நிமிடம் பிந்தியது.

அடுத்த வாரம் வானொலிச் சபை அவரைக் கூப்பிட்டது. வினாவிடை பொழுதுபோக்கு, அதற்குள் அரசியலைக் கொண்டுவந்தது தவறு, அடுத்த நிகழ்ச்சியில் வருத்தம் தெரிவித்தால் போதும் என்றார்கள். அவர் மாட்டேன் என்றார். வியாழக்கிழமை நிகழ்ச்சி நின்றது. எங்கள் சனிக்கிழமை வேலைக்கு மட்டும் தொடர்ந்து வந்தார். அதைச் செய்ய அவர்களுக்கு வேறு ஆள் இல்லை.

நான் மன்னிப்புக் கேட்க அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் குளியலறைக் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தார். மனைவிதான் கதவைத் திறந்தார்.

"இவருக்கு ஒரே வாயால ரெண்டு தரம் வேலை போயிருக்கு. அதுக்கு நீர் என்ன செய்யிறது? உள்ளுக்கு வாரும்" என்றார்.

விடுதிப் பரிசுச் சீட்டை அவர்களிடம் கொடுத்தேன். ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும், எனக்கு அதற்குள் பயன்படாது என்றேன். அவர்கள் மறுக்கவில்லை. போய்வந்து, பன்றி இறைச்சி நன்றாக இருந்தது, கட்டில் மெத்தைதான் சரியில்லை என்று சொன்னார்கள்.

அந்த நிகழ்ச்சியால் என் விண்ணப்பம் ஒரு நாள்கூட முன்னே நகரவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பிழையாகிவிடும். கோப்புகளை அசைத்தவர்கள் வேறு ஆட்கள்: வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், முறைப்பாடுகளை விசாரித்தவர்கள். என் மனைவியும் மகளும் அதற்கடுத்த வருடம் வந்தார்கள். நான் விட்டுவிட்டு வரும்போது மகளுக்கு இரண்டு வயது. வைலே ரயில் நிலையத்தில் இறங்கும்போது ஏழு. என்னை நிமிர்ந்து பார்த்து, தாயிடம், "இவரோ?" என்று கேட்டாள். தாய், "ஓம், இவர்தான்" என்றாள். மகள் என் கையைப் பிடிக்க மூன்று நாள் எடுத்தது. ஒரு வருடத்துக்குள் நான் தமிழில் கேட்பதற்கு டெனிஷில் பதில் சொல்லத் தொடங்கினாள்.

பிறகு விசாரணை நடந்தது. எங்கள் விண்ணப்பங்களை நிறுத்தி வைக்கும்படி முன்னாள் நீதியமைச்சர் சொன்னதும் செய்ததும் அறிக்கையாக வந்தது. அதன் பேரில் ஒரு ஜனவரியில் அரசாங்கமே விலகியது. அன்று நான் வேலையில் நின்றேன். செய்தி வந்ததும் மேற்பார்வையாளர் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கலாம். எதிரே நின்ற பெண்ணும் நானும் விரிப்பின் நான்கு மூலைகளையும் பிடித்து மடித்தோம். மனைவியின் ஐந்து வருடங்களை நினைத்தேன். அவை தொலைந்ததற்கான பொறுப்பை யாரிடம் சேர்ப்பது என்று அன்றும் தெரியவில்லை.

ஆங்கிலேயரும் மனைவியும் சில வருடங்களின் பின் எஸ்பியருக்கு மாறினார்கள். மனைவியின் தங்கை அங்கே இருந்தாள். நத்தாருக்கு அட்டை வரும். ஒரு வசந்தகாலத்தில் அவருடைய மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. அவர் இறந்துவிட்டார், புதன்கிழமை அடக்கம்.

நானும் என் மனைவியும் ரயிலில் போனோம். தேவாலயத்தில் பதினான்கு பேர் இருந்தோம். கப்பலில் வேலை செய்தவர்கள் சிலர், தங்கை குடும்பம், பக்கத்து வீட்டார். இங்கிலாந்திலிருந்து ஒருவரும் வரவில்லை. போதகர் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னார். கப்பலைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் விரிவாகச் சொன்னார். தொலைக்காட்சிக் காலத்தை ஒரே வசனத்தில் கடந்துவிட்டார். அவரிலும் பிழையில்லை. அந்த நிகழ்ச்சியை ஒரு நிமிடமாவது பார்த்தவர் அந்தக் கட்டடத்துக்குள் எவரும் இல்லை. நானும் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது மழை. ரயில் பாதி வெறுமையாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, அவர் உண்மையில நல்லா நடத்துவாரோ?" என்று மனைவி கேட்டாள்.

"நான் பாத்தது ஒருக்கா மட்டும்தான். அண்டைக்கு நல்லா நடத்தினவர்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் பையிலிருந்த பாண் பொதியைப் பிரித்தாள். மறுநாள் இருவருக்கும் காலை ஆறு மணிக்கு வேலை இருந்தது. சாப்பிட்டுவிட்டு, வழியிலுள்ள கோல்டிங் நிலையம் வரும்வரை நித்திரை கொண்டோம்.